மூன்று விழுக்காட்டின் மீது நிற்கும் வளாகம்: மரினா பே சேண்ட்ஸ் குறித்து

கட்டடப் பொறியியல் படிக்கும் மாணவர் ஒருவர் மூன்று கேள்விகளை ஒன்றாகக் கேட்டிருந்தார். சிங்கப்பூரின் மரினா பே சேண்ட்ஸில் ஓட்டல், கடைத்தொகுதி, மாநாட்டு மண்டபம், நாடக அரங்கு, அருங்காட்சியகம், சூதாட்டக் கூடம் ஆகியவற்றை ஏன் ஒரே வளாகத்தில் கட்டினார்கள் என்பது முதல் கேள்வி. மூன்று கோபுரங்களின் தலைமேல் கப்பல் போலக் கிடக்கும் பகுதி எப்படி நிற்கிறது என்பது இரண்டாவது. அடுத்த மாதம் அங்கே வரவிருக்கும் தன்னைப் போன்ற மாணவன் எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்பது மூன்றாவது. இந்த நகரில் அடித்தளப் பணிகளில் நெடுங்காலமாக வேலை செய்து வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். அந்த வளாகத்தின் கட்டுமானத்தில் எனக்குப் பங்கு இல்லை. ஆனால் அது நிற்கும் மண்ணையும், அந்த மண்ணில் தோண்டுவதன் சிரமத்தையும் நான் அறிவேன்.

முதல் கேள்விக்கான விடை கட்டடக் கலையில் இல்லை, சட்டத்திலும் கணக்கிலும் இருக்கிறது. சிங்கப்பூர் 40 ஆண்டுகளுக்கு மேலாகச் சூதாட்டக் கூடங்களுக்கு இடம் தராத நாடு. முதல் பிரதமர் லீ குவான் இயூ அதில் மிக உறுதியாக இருந்தவர். 2002இல் மக்காவ் தன் சூதாட்டத் துறையை வெளியாருக்குத் திறந்துவிட்டது. அண்டை நாடுகள் சுற்றுலாவில் வேகமாக முன்னேறிக்கொண்டிருந்தன. சிங்கப்பூருக்கு வருபவர்களோ இரண்டு மூன்று நாள்களில் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள் என்ற கவலை அரசுக்கு இருந்தது. நீண்ட விவாதத்துக்குப் பிறகு, 2005 ஏப்ரல் 18 அன்று பிரதமர் லீ சியன் லூங் நாடாளுமன்றத்தில் இரண்டு உல்லாசத் தலங்களுக்கு அனுமதி தரப்படும் என்று அறிவித்தார். ஒன்று மரினா விரிகுடாவில், மற்றொன்று செந்தோசாத் தீவில். அரசு அவற்றைச் சூதாட்டக் கூடம் என்று அழைக்காமல் ஒருங்கிணைந்த உல்லாசத் தலம் என்று அழைத்தது. இது வெறும் பெயர் அலங்காரம் என்று அப்போது பலரும் நினைத்தார்கள். ஒப்பந்தப் புள்ளியின் நிபந்தனைகளைப் படித்தால், அந்தப் பெயருக்குள் ஒரு கறாரான பேரம் அடங்கியிருப்பது தெரியும்.

பொதுவாக அரசு நிலத்தை ஏலம் விடும்போது அதிக விலை கேட்பவருக்கே நிலம் போய்ச் சேரும். அப்படி வாங்கியவர் கொடுத்த விலையை மீட்பதற்காகக் கட்டடத்தின் தரத்திலோ பொது இடத்திலோ கை வைப்பார். மரினா பேயில் அரசு இந்த வழியை விட்டு விலகி, நிலத்தின் விலையை முன்கூட்டியே 120 கோடி சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) என்று நிர்ணயித்துவிட்டது. விலையில் போட்டி கிடையாது என்றால் வேறு எதில் போட்டி? சுற்றுலாவுக்கு என்ன கொண்டுவருவீர்கள் என்பதற்கு 40 விழுக்காடு மதிப்பெண், கட்டட வடிவமைப்புக்கு 30 விழுக்காடு, முதலீட்டுக்கும் நிறுவனத்தின் வலிமைக்கும் மீதி. நான்கு அணிகள் போட்டியிட்டன. 2006 மே மாதத்தில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் சேண்ட்ஸ் நிறுவனத்துக்கு உரிமை கிடைத்தது. உரிமத்தின் நிபந்தனைப்படி சூதாட்டப் பரப்பு 15,000 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது. வளாகத்தின் மொத்தத் தளப்பரப்பு ஏறத்தாழ 5,81,000 சதுர மீட்டர். வகுத்துப் பார்த்தால் சூதாட்டத்துக்குக் கிடைத்தது 3 விழுக்காட்டுக்கும் குறைவான இடம். வளாகத்தின் ஆண்டு வருவாயில் சுமார் 70 விழுக்காடு வந்துகொண்டிருப்பது அந்த இடத்திலிருந்துதான்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். தனியாக நின்றால் தன் செலவைத் தானே ஈட்ட முடியாத அருங்காட்சியகமும், பிரம்மாண்டமான மாநாட்டு மண்டபமும், நகரத்தார் நடந்து செல்வதற்கான நீர்முனை நடைபாதையும், சூதாட்ட உரிமத்துக்கு அந்த நிறுவனம் கொடுத்த விலையின் பகுதிகள். ஒரு நகரம் தனக்கு வேண்டிய பொது வசதிகளைப் பட்டியலிட்டு, அவற்றையெல்லாம் கட்டித் தருபவருக்கு மட்டுமே லாபம் தரும் அந்தச் சிறிய அறையின் சாவியைக் கொடுத்தது. பேரத்தின் அறம் பற்றி எனக்கு இன்னும் மனவருத்தம் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் பேரம் பேசிய விதத்தில் திறமை இருந்தது என்பதை மறுக்க முடியாது.

உரிமை பெற்ற நிறுவனத்துக்கும் இந்தக் கூட்டு அமைப்பு புதிதில்லை. அதன் நிறுவனர் ஷெல்டன் அடெல்சன் அடிப்படையில் ஒரு கண்காட்சி அமைப்பாளர். பாஸ்டனில் டாக்சி ஓட்டுநரின் மகனாகப் பிறந்த அவர், 1979இல் காம்டெக்ஸ் என்ற கணினிக் கண்காட்சியைத் தொடங்கி, அது உலகப் புகழ் பெற்றபின் 1995இல் ஜப்பானின் சாஃப்ட்பேங்க் நிறுவனத்துக்கு 80 கோடி டாலருக்கும் மேலான விலைக்கு விற்றார். கண்காட்சித் தொழிலில் அவர் கண்டுகொண்ட ஓர் உண்மை இது: லாஸ் வேகாஸில் வார இறுதியில் அறை கிடைக்காது, வார நாள்களில் அறை நிரம்பாது. மாநாட்டுக்கு வருபவர்களோ திங்களன்று வந்து வியாழன்வரை தங்குகிறவர்கள், அறை வாடகையை நிறுவனத்தின் கணக்கில் கொடுக்கிறவர்கள். ஆகவே ஓட்டலின் பக்கத்திலேயே மாநாட்டு மண்டபத்தைக் கட்டினால் வாரத்தின் ஏழு நாளும் அறைகள் நிரம்பும். 1999இல் லாஸ் வேகாஸில் திறக்கப்பட்ட வெனிஷியன் ஓட்டல் இந்தக் கணக்கின் மீது எழுந்தது. மரினா பே சேண்ட்ஸில் திறப்பின்போது ஏறத்தாழ 2,560 அறைகளும், 1,20,000 சதுர மீட்டர் அளவில் மாநாட்டு, கண்காட்சி மையமும் அடுத்தடுத்து அமைந்ததற்குக் காரணம் அதுவே. மாநாட்டுக்கு வந்தவர் மாலையில் கடைத்தொகுதிக்குப் போகிறார், அங்கேயே சாப்பிடுகிறார், சிலர் கீழே இறங்கிச் சூதாடுகிறார்கள். ஒவ்வொரு பகுதியும் மற்றொன்றுக்கு ஆள் அனுப்பும் வாசலாக இருக்கிறது.

இனி மண்ணுக்கு வருகிறேன். என் தொழில் சார்ந்த பகுதி என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வளாகம் நிற்கும் 15.5 ஹெக்டேரும் 1970களுக்கு முன் கடல். மணலைக் கொட்டித் தூர்த்து உருவாக்கிய நிலம் அது. மேலே தூர்த்த மணல், அதற்குக் கீழே பல மீட்டர் ஆழத்துக்குக் கடற்களிமண், அதற்கும் கீழே கெட்டிப்பட்ட பழைய வண்டல். இந்தக் கடற்களிமண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தால் பச்சை கலந்த சாம்பல் நிறத்தில், உறைந்த தயிர்போல் விரலுக்கு வழிவிடும். தோண்டிய குழியின் ஓரத்தில் அது நிற்காது. பக்கச்சுவரை உள்ளே தள்ளிக்கொண்டு வரும், குழியின் அடிப்பகுதி மேலே பொங்கி எழும்பும். 2004 ஏப்ரல் 20 அன்று இதே வகை மண்ணில், இந்த இடத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத நிக்கல் நெடுஞ்சாலை அருகே, வட்டப் பாதை ரயிலுக்காகத் தோண்டிய 30 மீட்டருக்கும் ஆழமான குழி சரிந்து விழுந்தது. நெடுஞ்சாலையே இடிந்து உள்ளிறங்கியது. நான்கு பேர் இறந்தார்கள். சுவர்களுக்கு இடையே குறுக்கே முட்டுக்கொடுத்திருந்த எஃகுச் சட்டங்கள் பக்கவாட்டு உத்தரங்களோடு சேரும் இணைப்புகள் பளுவைத் தாங்காமல் போனது அந்த விபத்தின் முக்கியக் காரணங்களில் ஒன்று. இந்த நகரில் ஆழ்குழி தோண்டுகிற எவரும் அந்த நாளை மறப்பதில்லை. எங்கள் விதிமுறைகளில் பாதி அந்த நாளுக்குப் பிறகு திருத்தப்பட்டவை.

அதற்குச் சில ஆண்டுகளிலேயே, அதே களிமண்ணில், மரினா பே சேண்ட்ஸுக்காக ஏறத்தாழ 28 லட்சம் கன மீட்டர் மண்ணை வெளியேற்ற வேண்டியிருந்தது. பொறியாளர்கள், குறிப்பாக அரூப் நிறுவனத்தார், குறுக்கு முட்டுகளை முடிந்தவரை தவிர்க்கும் வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். நிலத்துக்குள் 1.5 மீட்டர் தடிமனுள்ள கான்கிரீட் சுவர்களை வட்ட வடிவில் இறக்கி, அந்த வட்டத்துக்குள் தோண்டினார்கள். சில இடங்களில் முழு வட்டம், ஓரிடத்தில் இரண்டு வட்டங்கள் ஒட்டிய நிலக்கடலை வடிவம். இதன் தத்துவம் நமக்குப் புதிதல்ல. நம் முன்னோர் சுடுமண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி அமைத்த உறைகிணறு நிற்பதும் இதே காரணத்தால். சுற்றிலும் உள்ள மண் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே அளவில் அழுத்தும்போது வளையம் உள்ளே விழ வழியில்லாமல் தன்னைத் தானே இறுக்கிக்கொள்கிறது. அழுத்தத்தைத் தாங்குவதில் கான்கிரீட் மிக வலியது. குறுக்கே முட்டு இல்லாததால் குழியின் நடுவே லாரிகளும் மண்வாரி இயந்திரங்களும் தடையின்றிச் சுற்றி வரலாம், வேலையும் விரைவாக முடியும். மேலே உள்ள நீச்சல் குளத்தைப் படமெடுக்கும் லட்சக்கணக்கானோருக்கு இந்த வளையச் சுவர்கள் தெரிவதில்லை. என்னைக் கேட்டால் இந்த வளாகத்தின் துணிச்சலான பொறியியல் பூமிக்குள்தான் புதைந்து கிடக்கிறது என்பேன்.

வளாகத்தை வடிவமைத்தவர் இஸ்ரேலில் பிறந்து கனடாவில் வளர்ந்த கட்டடக் கலைஞர் மோஷே சாஃப்டி. ஒரே நீண்ட சுவராக ஓட்டலைக் கட்டினால் நகரத்துக்கும் கடலுக்கும் இடையே திரை விழுந்துவிடும் என்பதால், 55 மாடிகள் கொண்ட மூன்று கோபுரங்களாகப் பிரித்து, இடையே வானம் தெரியும்படி விட்டார். ஒவ்வொரு கோபுரமும் பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு பலகைகளால் ஆனது. மேற்குப் பலகை நேராக நிற்கிறது. கிழக்குப் பலகை ஏணியைச் சுவரில் சாய்த்தாற்போல் வளைந்து வந்து 23ஆம் தளத்தில் அதனோடு சேர்கிறது. முதல் கோபுரத்தில் சாய்வு 26 பாகை வரை போகிறது, மற்ற இரண்டிலும் குறைவு. மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல.

கட்டி முடித்த பிறகு இந்த ஏணி பத்திரமானது. கட்டும்போதுதான் ஆபத்து. இரு பலகைகளும் சேரும் உயரத்தை எட்டும்வரை சாய்ந்த பலகைக்குச் சாய்ந்துகொள்ள எதுவும் இல்லை. ஒவ்வொரு மாடி ஏறும்போதும் அது இன்னும் கொஞ்சம் விழப் பார்க்கும். ஆகவே இரண்டுக்கும் இடையே தற்காலிக எஃகு முட்டுகளைப் பொருத்தியும், சாய்ந்த சுவர்களுக்குள் முறுக்குக் கம்பிகளைச் செலுத்தி இழுத்துக் கட்டியும், 23ஆம் தளத்தில் நிரந்தர எஃகுச் சட்டகத்தால் இணைத்தும் மேலே கொண்டுபோனார்கள். கோபுரங்களைக் கட்டிய முதன்மை ஒப்பந்தக்காரர் தென்கொரியாவின் சாங்யோங் நிறுவனம். கையால் கட்டியவர்கள் பல நாட்டு ஊழியர்கள். சிங்கப்பூரின் எந்தப் பெரிய கட்டுமானத் தளத்திலும்போல் தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்களின் உழைப்பு அதில் உண்டு. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் நின்று பேசினால், இந்த நகரின் ஏதோ ஒரு கோபுரத்தைக் காட்டி நான் கம்பி கட்டினேன் என்று சொல்லும் அண்ணன் ஒருவரையாவது நீங்கள் சந்திப்பீர்கள்.

இப்போது அந்தக் கப்பல். அதற்கு வானப் பூங்கா என்று பெயர். 200 மீட்டர் உயரத்தில் 340 மீட்டர் நீளம், ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு, சுமார் 7,000 டன் எஃகு. கீழ்த்தளக் கட்டடங்களில் தோட்டத்துக்கும் நீச்சல் குளத்துக்கும் போதிய இடம் கிடைக்காததால் அவற்றைக் கோபுரங்களின் தலையில் வைக்கும் யோசனை பிறந்தது. தேவையிலிருந்து பிறந்த வடிவம் இன்று நாட்டின் அடையாளமாகிவிட்டது. எஃகுப் பகுதிகளைத் தரையில் பொருத்தி, கம்பிவடங்களைப் பற்றி அங்குலம் அங்குலமாக இழுக்கும் நீரியல் ஜாக்கிகளால் மேலே தூக்கினார்கள். வடக்கு முனையில் மூன்றாவது கோபுரத்தைத் தாண்டி ஏறத்தாழ 66 மீட்டர் நீளத்துக்கு அடியில் எந்தத் தாங்கலும் இல்லாமல் அந்தரத்தில் நீள்கிறது. கூட்டம் கூடி நடக்கும்போதும் காற்று அடிக்கும்போதும் அந்த முனை துள்ளாமல் இருக்க, உள்ளே அதிர்வை விழுங்கும் எடைத் தணிப்பான் ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

கப்பல் என்று நாம் சொன்னாலும் அது ஒரே துண்டு அல்ல. உங்கள் இரண்டாவது கேள்விக்கான சாரம் இதுவே. உயரமான கோபுரம் எதுவும் காற்றில் சிறிது அசையும், வெயிலில் விரியும், ஆண்டுகள் போகப் போகச் சற்று அமிழும். மூன்று கோபுரங்களும் அவரவர் போக்கில் அசைபவை. அவற்றின் மேல் ஒரே விறைப்பான தளத்தை வைத்துப் பிணைத்தால் ஏதாவதொரு நாளில் அது பிளந்துவிடும். எனவே கோபுரங்களுக்கு இடையேயான பகுதிகளைப் பாலங்களாக அமைத்து, இணையும் இடங்களில் நகர இடம் கொடுத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 150 மீட்டர் நீளமுள்ள நீச்சல் குளமும் துருப்பிடிக்காத எஃகால் ஆனது, அதன் அடியிலும் நான்கு அசைவு இணைப்புகள் உள்ளன. அவை அனுமதிக்கும் மொத்த அசைவு 500 மில்லிமீட்டர். மண் அமிழ்வதால் குளத்தின் ஒரு பக்கம் தாழ்ந்துவிட்டால் தண்ணீர் அந்தப் பக்கமாகவே வழியும் அல்லவா? விளிம்பு தெரியாத குளத்தில் ஒரு விரற்கடைச் சரிவும் கண்ணுக்குப் பட்டுவிடும். அதற்காகக் குளத்தின் அடியில் நூற்றுக்கணக்கான ஜாக்கிகளை வைத்து, வேண்டியபோது மட்டம் திருத்திக்கொள்ள வழி செய்திருக்கிறார்கள். விளிம்பில் வழியும் நீர் கீழே உள்ள தொட்டியில் விழுந்து மீண்டும் குளத்துக்கே ஏற்றப்படுகிறது. 57ஆவது மாடியிலிருந்து ஊருக்குள் கொட்டுவதுபோல் தோன்றுவது பார்வை மயக்கம் மட்டுமே.

பணத்தின் பக்கம் ஒரு செய்தியைச் சொல்லாமல் விட முடியாது. கட்டுமானம் பாதியில் இருந்த 2008இல் உலக நிதி நெருக்கடி வந்து லாஸ் வேகாஸ் சேண்ட்ஸ் திவாலின் விளிம்புக்கே போனது. அடெல்சன் தன் குடும்பத்துச் செல்வத்திலிருந்து பணம் போட்டார். நிறுவனம் மக்காவில் நடந்த பெரிய பணிகளை நிறுத்திவைத்து, கையில் இருந்ததைச் சிங்கப்பூருக்குத் திருப்பியது. ஒப்பந்தத்தின்போது நிலம் நீங்கலாக 385 கோடி வெள்ளி என்று ஒப்புக்கொண்ட செலவு, முடிவில் நிலத்தையும் சேர்த்து ஏறத்தாழ 800 கோடி வெள்ளியில் நின்றது. 2010 ஏப்ரல் 27 அன்று முதல் கட்டம் திறந்தது. 2009இல் 97 லட்சமாக இருந்த சிங்கப்பூரின் வெளிநாட்டு வருகையாளர் எண்ணிக்கை 2010இல் 1 கோடியே 16 லட்சமாக உயர்ந்தது. உலகப் பொருளாதாரம் மீண்டதும் இதற்கு ஒரு காரணம். செந்தோசாவில் அதே ஆண்டு திறந்த மற்றொரு தலத்துக்கும் அதில் பங்கு உண்டு.

முன்பு சொன்ன மனவருத்தத்துக்கு வருகிறேன். அரசு வாசலில் சில தடைகளை வைத்தது. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சூதாட்டக் கூடத்துக்குள் நுழைய ஒரு நாளுக்கு 100 வெள்ளி கட்ட வேண்டும் என்று தொடங்கி, 2019இல் அதை 150 வெள்ளியாக உயர்த்தினார்கள். ஆண்டுக்கட்டணம் 2,000 வெள்ளியிலிருந்து 3,000 வெள்ளியானது. அந்தப் பணம் பொதுப்பணிகளுக்கும் அறக்காரியங்களுக்கும் போகிறது. கடனில் திவாலானவர்களுக்கும் அரசு உதவித்தொகையில் வாழ்பவர்களுக்கும் நுழைவு தானாகவே மறுக்கப்படுகிறது. தன்னைத் தானே தடை செய்துகொள்ளவும், குடும்பத்தார் விண்ணப்பித்து ஒருவரைத் தடுக்கவும் சட்டத்தில் வழி உண்டு. கணவனோ மகனோ உள்ளே போகாதபடி ஒரு மனைவியோ தாயோ மனுச் செய்ய முடிவதை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் வெளிநாட்டு ஊழியருக்குக் கட்டணம் கிடையாது. கடவுச்சீட்டை வைத்திருக்கும் பயணிக்குத் திறப்பதுபோலவே, ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டிய தொழிலாளிக்கும் வாசல் இலவசமாகத் திறக்கிறது. அவரும் விரும்பினால் தன்னைத் தடை செய்துகொள்ளலாம், அது அவருக்குத் தெரிந்திருந்தால். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அப்படி ஒரு தம்பியோ நண்பரோ இருந்தால் அந்த வழியைப் பற்றி அவரிடம் சொல்லுங்கள். சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றம் அதற்கு உதவுகிறது.

கடைத்தொகுதியைப் பற்றி நீட்டி எழுத எனக்கு ஆர்வம் இல்லை. உலகின் விலை உயர்ந்த கடைகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. நீர்மேல் மிதப்பதுபோல் நிற்கும் இரண்டு கண்ணாடிக் கூடங்களும், 2020இல் திறந்த ஆப்பிள் நிறுவனத்தின் கண்ணாடிக் கோளமும் இரவில் பார்க்க அழகானவை. அவை நிற்கும் நீர் இப்போது கடல்நீர் அல்ல. விரிகுடாவின் வாயில் 2008இல் மரினா அணைக்கட்டு எழுந்த பிறகு உப்பு மெல்ல வெளியேறி, 2010இல் அது நன்னீர்த் தேக்கமாகிவிட்டது. நகரின் குடிநீருக்கு அதுவும் ஓர் ஊற்று. கடல் ஏற்ற இறக்கம் இல்லாமல் நீர்மட்டம் ஒரே அளவில் நிற்பதால்தான் கரையை ஒட்டிய நடைபாதையை நீருக்கு இவ்வளவு நெருக்கமாகத் தாழ்வாக அமைக்க முடிந்தது.

பேரம் இன்னும் முடியவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2019இல் அரசு மீண்டும் ஓர் உடன்பாடு செய்தது. நாட்டில் வேறு எவருக்கும் 2030 இறுதிவரை சூதாட்ட உரிமம் தரப்படாது, மரினா பே சேண்ட்ஸ் கூடுதலாக 2,000 சதுர மீட்டர் சூதாட்டப் பரப்பை வாங்கிக்கொள்ளலாம். அதற்கு ஈடாக 15,000 இருக்கைகள் கொண்ட அரங்கமும் நான்காவது கோபுரமும் கட்ட வேண்டும். 2005இல் இருந்த அதே இலக்கணம்: சிறிய அறையைக் கொஞ்சம் பெரிதாக்கித் தருகிறேன், நீ எனக்குப் பெரிய மண்டபம் கட்டிக் கொடு. பெருந்தொற்றினால் தாமதமாகி, 2025 ஜூலையில் பூமி பூசை போன்ற தொடக்க விழா நடந்தது. வடிவமைப்பவர் மீண்டும் சாஃப்டி. செலவு 800 கோடி அமெரிக்க டாலர் என்று அறிவித்திருக்கிறார்கள். முதல் மூன்று கோபுரங்களுக்கும் மொத்த வளாகத்துக்கும் ஆனதைவிட இது அதிகம்.

வரும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டீர்கள். பேஃபிரண்ட் ரயில் நிலையத்தில் இறங்கினால் நிலத்தடி வழியாகவே வளாகத்துக்குள் போய்விடலாம். நேரே மேலே ஏறிப் படமெடுக்கப் போகாதீர்கள். முதலில் முதல் கோபுரத்தின் வரவேற்புக் கூடத்துக்குச் சென்று, நடுவில் நின்று அண்ணாந்து பாருங்கள். தலைக்கு மேல் இரண்டு பலகைகளும் ஒன்றை நோக்கி ஒன்று நெருங்கி வருவது தெரியும். ஆண்டனி கோர்ம்லியின் எஃகுக் கம்பிச் சிற்பம் ஒன்று அங்கே மேகத்திரள்போல் தொங்குகிறது. அதைத் தாண்டிக் கண்ணை ஓட்டி, சாய்ந்த சுவர் எந்த இடத்தில் நேர்ச்சுவருக்குத் தன் பளுவைக் கொடுக்கிறது என்று மனத்தில் கோடு போட்டுப் பாருங்கள். வகுப்பில் வரைந்த விசைப்படம் அங்கே கான்கிரீட்டில் நிற்கும். வெளியே வந்து கிழக்கு முகத்தையும் மேற்கு முகத்தையும் ஒப்பிடுங்கள். நகரத்தைப் பார்க்கும் மேற்கில் பிற்பகல் வெயிலைத் தடுக்க இரட்டைக் கண்ணாடியும் செங்குத்துக் கண்ணாடித் தகடுகளும் உள்ளன. தோட்டங்களைப் பார்க்கும் கிழக்கிலோ ஒவ்வொரு மாடியிலும் செடிகள் தொங்கும் மாடங்கள்.

பிறகு வானப் பூங்காவுக்குப் போகலாம். குளம் ஓட்டலில் தங்குபவர்களுக்கு மட்டும், பார்வைத் தளத்துக்குக் கட்டணம் செலுத்தி எவரும் ஏறலாம். அங்கே எல்லோரும் வெளியே பார்ப்பார்கள், நீங்கள் அந்தரத்தில் நீளும் அந்த முனைவரை நடந்துபோய்க் காலுக்குக் கீழே தாங்கல் எங்கே முடிந்தது என்று கணக்கிட்டுப் பாருங்கள். மாலையில் இறங்கி ஹீலிக்ஸ் பாலத்தின் மீது நடந்தால் மூன்று கோபுரங்களின் சாய்வும் வேறுபடுவது பக்கவாட்டில் நன்றாகத் தெரியும்.

நீங்கள் வரும் நாளில் மழை பெய்தால் குடை தேடி நிற்காமல் தாமரை வடிவ அருங்காட்சியகத்துக்குள் போய்விடுங்கள். அதன் பத்து இதழ்களும் கூடும் கூரை ஒரு கிண்ணம்போல் குழிந்து, நடுவில் திறந்திருக்கிறது. கூரையில் விழும் மழை முழுவதும் அந்தத் திறப்பின் வழியே 35 மீட்டர் உயரத்திலிருந்து கட்டடத்தின் நடுவே உள்ள குளத்தில் கொட்டும். சேர்ந்த நீரைக் கழிவறைகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். சிங்கப்பூரில் மழை நெடுநேரம் நீடிப்பதில்லை, ஆகையால் இடி கேட்டதும் அங்கே கிளம்பிவிடுங்கள்.